பிளானும் அனுமதியும் “எல்லாம் நாங்களே”: திருகோணமலையில் வீடு இழுத்துக் கட்டித்தரும் சேவைகள் எப்படி?

வீட்டுப் பின்பக்கம் ஒரு அறை இழுக்கவேண்டும், அல்லது மேலே ஒரு மாடி எழுப்பவேண்டும் என்று திருகோணமலையில் யாரிடம் பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான் வரும்: “பிளான், பி.ஓ.கியூ., சபை அனுமதி எல்லாம் சேர்த்துச் செய்து தருகிற ஆள் இருக்கிறார்.” பி.ஓ.கியூ. என்பது எந்த வேலைக்கு எவ்வளவு பொருள், என்ன செலவு என்று காட்டும் பட்டியல். சபை என்பது கட்ட அனுமதி தரும் உள்ளூராட்சி சபை. இந்த முழுச் சேவையை மூன்று விதமானவர்கள் செய்கிறார்கள். தனியாக வேலை செய்யும் படவரைஞர் ஒருவகை. ஒரு குடிசார் பொறியியலாளரும் அவருக்குக் கீழே படவரைஞர்களும் உள்ள அலுவலகம் இன்னொருவகை. பட்டயக் கட்டடக் கலைஞர் மூன்றாவது. பெயர் சொல்லிப் புள்ளி போடுவது இங்கே நோக்கம் இல்லை. அவர்கள் கையில் தரும் பொருள் என்ன, அது கொடுக்கும் காசுக்குத் தகுமா, எங்கே ஓட்டை விழுகிறது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். படம் வரைவதில் நம்மூர் அலுவலகங்கள் மோசமில்லை. சபையில் கோப்பை நகர்த்துவதும் அவர்களுக்குக் கைவந்த வேலை. குறை இருப்பது இரண்டு நுனியிலும்: கோடு போடமுதல் பழைய வீட்டை அளப்பதிலும், முத்திரை குத்திய படம் கைக்கு வந்தபிறகு இணக்கச் சான்றிதழ் (அனுமதித்த படத்தின்படியே கட்டப்பட்டது என்று சபை தரும் சான்று) வரை கூட நிற்பதிலும். வீட்டுக்காரருக்குப் பின்னால் வரும் செலவும் மனவருத்தமும் பெரும்பாலும் இந்த இரண்டு இடத்திலிருந்துதான் முளைக்கின்றன.

அளக்க வந்தவர் எவ்வளவு நேரம் நின்றார்?

வெறுங்காணியில் புது வீடு வரைவது வேறு, இருக்கிற வீட்டோடு ஒட்டி வரைவது வேறு. இரண்டாவதில் பாதி வேலை அளவெடுப்புத்தான். ஒரே ஆள் நாடாவோடு வந்து, அறைகளின் உள்ளளவை மட்டும் எழுதிக்கொண்டு அரை மணித்தியாலத்தில் போனால் அந்தப் படத்தை நம்பாதீர்கள். உள்ளளவு, வெளியளவு இரண்டும் வேண்டும். சுவர் 4 அங்குலக் கல்லா, 6 அங்குலக் கல்லா என்பது அப்போதுதான் தெரியும். பழைய வீடுகள் பல மூலைமட்டத்தில் நிற்பதில்லை. அதனால் ஒவ்வொரு அறைக்கும் மூலைக்கு மூலை குறுக்களவும் எடுக்கவேண்டும். தாழ்வாரம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், வீட்டுத் தரைக்கும் வீதிக்கும் மட்ட வித்தியாசம் என்ன, மலக்குழியின் மூடி எங்கே, கிணற்றிலிருந்து குழி எத்தனை அடி, மின்சார சபையின் சேவிஸ் வயர் எந்தப் பக்கத்தால் வருகிறது. இவ்வளவையும் ஒழுங்காகக் குறிக்க இரண்டு பேருக்கு அரை நாள் பிடிக்கும்.

எல்லை விஷயத்தில் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது. படவரைஞர் மதிலை எல்லையாக எடுத்துக்கொண்டு வரைந்துவிடுவார். மதில் என்பது யாரோ ஒரு மேசன் வசதிக்குக் கட்டியது. எல்லை என்பது நில அளவையாளரின் படத்தில் உள்ள கல். இரண்டுக்கும் இடையில் ஒரு அடி வித்தியாசம் இருந்தால், பின்வெளி (வீட்டுக்கும் பின்எல்லைக்கும் நடுவே விடவேண்டிய இடம்) காணாது என்று சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் கோப்பைத் திருப்பிவிடுவார். நில அளவையாளரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைத் தேடிப் பார்க்கும் ஆளுக்குக் கூடக் காசு கொடுத்தாலும் தகும்.

10 பேர்ச்சில் ஒரு அறை: கணக்கு எப்படிப் போகும்

நகருக்குள் சாதாரணமாகக் காணும் 10 பேர்ச் காணி ஒன்றை எடுப்போம். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, ஆகவே காணி ஏறத்தாழ 2,722 சதுர அடி. குடியிருப்புக்குக் காணியில் 65 வீதத்தை மூடலாம் என்பது பொதுவிதி. அப்படியானால் 1,769 சதுர அடி. நிலத்தில் ஏற்கெனவே 1,150 சதுர அடி வீடு நின்றால் இன்னும் 600 சதுர அடிக்கு மேல் கட்டலாம் என்று தோன்றும். சேவை விற்பவர் சொல்லும் கணக்கும் இதுதான். ஆனால் இழுவையை, அதாவது நீட்டிக் கட்டும் பகுதியை, தீர்மானிப்பது இந்த வீதம் இல்லை, பின்வெளி. கட்டடத்தின் உயரம் 7 மீற்றருக்கு உட்பட்டிருந்தால் பின்எல்லையிலிருந்து 2.3 மீற்றர், அதாவது ஏறக்குறைய 7 அடி 7 அங்குலம் விடவேண்டும். 7 மீற்றரைத் தாண்டினால் 3 மீற்றர். வீட்டுக்குப் பின்னால் 20 அடி இருந்தால் கீழே கட்டக்கூடிய ஆழம் 12 அடி 5 அங்குலம், அதுவும் சுவரின் வெளிமுகம் வரை. பிற்காலத்தில் மேலே இரண்டு தட்டு எழுப்பும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே 3 மீற்றரை விட்டுவிடுவது நல்லது. இந்த எண்களுக்கு அடிப்படை 2021 யூலை 8 ஆம் திகதிய 2235/54 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபையின் திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகள். 1986 ஆம் ஆண்டு விதிகளை மனதில் வைத்துக்கொண்டே வரைபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். “எந்த வருட விதிப்படி வரைகிறீர்கள்?” என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடலாம்.

அடுத்தது வெளிச்சம். பின்பக்கம் ஒரு அறை சேர்த்தால் பழைய பின்னறையின் யன்னல் புது அறைக்குள் திறக்கும். அந்தப் பழைய அறை அன்றோடு இருட்டறை. காற்றும் வெளிச்சமும் இயற்கையாக வரும் அறையில் திறப்புகளின் பரப்பு தரைப்பரப்பில் ஏழில் ஒன்றுக்குக் குறையக்கூடாது, அதில் பாதியாவது திறக்கக்கூடியதாக இருக்கவேண்டும். 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி, ஏழில் ஒன்று 17.1 சதுர அடி. 4 அடிக்கு 4 அடி யன்னல் 16 சதுர அடிதான், ஆகவே காணாது. உயரத்தை 4 அடி 6 அங்குலமாக்கினால் 18 வரும், சரி. படத்தின் மூலையில் இருக்கும் கதவு யன்னல் அட்டவணையை எடுத்து, கல்குலேட்டரோடு உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் இதை நீங்களே பார்க்கலாம். நல்ல வடிவமைப்பாளர் பழைய அறைக்கும் புது அறைக்கும் நடுவே சிறு முற்றம் ஒன்றை விட்டு இரண்டு அறைக்கும் யன்னல் கொடுப்பார். உயரம் 7 மீற்றருக்கு உட்பட்ட வீட்டில் அந்த முற்றம் 5 சதுர மீற்றருக்குக் குறையாமலும் 2.3 மீற்றர் அகலத்துக்குக் குறையாமலும் இருக்கவேண்டும். முற்றத்துக்கு இடம் போகிறதே என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார்தான். ஆனால் மே மாதத்திலிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது அந்த முற்றம் வைத்த வீட்டுக்கும் வைக்காத வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும்.

இனி “பத்தி இறக்குவது”. பின்சுவரிலிருந்து கூரைச் சீற்றைச் சாய்த்து ஒரு அறையை ஒட்டுவது நம் பழக்கம். விறாந்தைக்கும் குசினிக்கும் அது ஒத்துவந்தது. படுக்கையறைக்கு அதையே படத்தில் போட்டுத் தருபவரிடம் கவனம். பழைய தாழ்வாரம் 8 அடி 6 அங்குலத்தில் இருக்கிறது என்று வையுங்கள். அதன் கீழிருந்து 10 பாகை சாய்வில் 12 அடி போனால் 2 அடிக்கு மேல் இறங்கும். கடைசிச் சுவரில் உயரம் 6 அடி 5 அங்குலம்கூட வராது, சராசரி 7 அடி 5 அங்குலம். வாழும் அறைக்குச் சராசரி 2.8 மீற்றர் வேண்டும், அதாவது 9 அடி 2 அங்குலம். சபையில் தப்பினாலும் மனிதர் படுக்க முடியாத அறை அது. வெக்கை தலைக்கு மேலேயே நிற்கும். இதற்கு வழி, புது அறைக்குத் தனி முகடு கொடுத்துக் கூரையை உயர்த்துவது, அல்லது கொங்கிறீற் சிலாப் போடுவது. தனி முகடு கொடுத்தால் இரண்டு கூரைக்கும் நடுவே மழைநீர் ஓட ஒரு பீலி வரும். அந்தப் பீலிதான் வீட்டின் பலவீனமான இடம். வாடைக்காற்றோடு கார்த்திகை மழை கொட்டும்போது 6 அங்குலப் பீலி தாங்காது. குறைந்தது ஒரு அடி அகலம், 100 அடிக்கு 1 அடி சாய்வு, 4 அங்குலக் குழாய் இரண்டு. ஒன்று வேப்பஞ் சருகால் அடைத்தாலும் மற்றது ஓடும். இந்த ஒரு விபரம் 1:20 அளவில் பெரிதாக வரையப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தனிப் படவரைஞர்களின் தொகுதியில் இது அநேகமாக இருப்பதில்லை. பொறியியலாளர் அலுவலகத்திலும் கேட்டால்தான் வரும்.

குழியும் கிணறும்

பின்வளவில் அறை இழுக்கும்போது அதன் கீழே பழைய மலக்குழி வந்துவிடுவது இங்கே சாதாரணம். குழியை மூடிவிட்டு முன்வளவில் புதிதாகக் கட்டலாம் என்று படத்தில் ஒரு வட்டம் போடுவார்கள். வட்டம் போடுவது சுகம், தண்ணீர் ஓடவேண்டுமே. பின் குளியலறையிலிருந்து முன்வளவுக்கு 60 அடி என்றால், 4 அங்குலக் குழாய்க்கு 60க்கு 1 சாய்வு வைத்தாலும் முனையில் ஒரு அடி இறங்கிவிடும். அலஸ்தோட்டம், உப்புவெளி போன்ற மணற்பாங்கான இடங்களிலும் மட்டிக்களிப் பக்கத் தாழ்நிலங்களிலும் மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வந்து நிற்கும். அந்த ஆழத்தில் போட்ட ஊறுகுழி (மலக்குழியிலிருந்து வரும் நீரை நிலத்துக்குள் விடும் குழி) நீரை உறிஞ்சாது, திருப்பித் தள்ளும். உவர்மலையில் சிக்கல் வேறு. கீழே பாறை, குழி ஊறுவதே கடினம். ஆக, குழிக்கு இடம் குறிக்கமுதல் ஒரு சோதனைக்குழி வெட்டி மழைக்கால நீர்மட்டத்தைப் பார்த்தாரா என்பதுதான் கேள்வி. ஆவணியில் வெட்டிப் பார்த்த குழி ஆளை ஏமாற்றும்.

கிணற்றுக்கும் ஊறுகுழிக்கும் 50 அடிக்குக் குறையாத தூரம் வேண்டும். உங்கள் கிணற்றுக்கு மட்டும் இல்லை, பக்கத்து வளவுக் கிணற்றுக்கும். தளப்படத்தில் அயல் கிணறுகள் குறிக்கப்படாமல் போனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்துவிட்டுக் கோப்பை நிறுத்துவார். அது நியாயமும்கூட, அயலவர் குடிக்கும் தண்ணீர் அது. மலக்குழிக்குத் தனி விபரப்படமும் வேண்டும். எஸ்.எல்.எஸ். 745 என்ற இலங்கைத் தரநிர்ணயத்தின்படி வரைந்திருக்கிறாரா என்று கேளுங்கள். பத்து வருடத்துக்கு முன் வேறு வீட்டுக்குப் போட்ட விபரத்தை அப்படியே ஒட்டும் பழக்கம் உண்டு. குழி எத்தனை ஆளுக்கு என்று எழுதியிருப்பதை உங்கள் வீட்டு ஆள் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் பிடிபடும்.

மேலே கட்டுவது: படம் மட்டும் போதாது

மேல்மாடிக்குப் படவரைஞரின் படம் மட்டும் வைத்துக்கொண்டு வேலை தொடங்குவது ஆபத்து. சீமெந்துக்கல் சுவரும் கருங்கல் அத்திவாரமும் உள்ள ஒருதட்டு வீடு, கூரையைத் தாங்கத்தான் கட்டப்பட்டது. 2004 சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த சிறிய வீடுகளுக்கும் இது பொருந்தும். அத்திவாரத்தைத் திறந்து பார்க்கவேண்டும்: ஒரு மூலையில் ஒன்று, நீளச்சுவரின் நடுவில் ஒன்று என்று 3 அடிக்கு 3 அடி இரண்டு குழி. அகலம், ஆழம், கீழே என்ன மண். இதைச் செய்யாமல் “தாங்கும்” என்று சொல்பவர் ஊகத்தைத்தான் உங்களிடம் விற்கிறார். அநேகமான வீடுகளில் வரும் சரியான விடை, பழைய சுவரில் பாரம் ஏற்றாமல் தனித் தூண்கள், தனி அடித்தளம், அவற்றின் மேல் பீமும் சிலாப்பும். செலவு கூடும். ஆனால் வேறு நேர்மையான வழி இல்லை.

“பிறகு மேலே எழுப்பலாம்” என்று தூண் கம்பிகளை நீட்டி விட்டிருக்கும் வீடுகள் நகரெங்கும் தெரியும். கடற்காற்று அந்தக் கம்பியைச் சும்மா விடுவதில்லை. ஒரு கம்பியை எடுத்துப் பாருங்கள். பொருக்குப் பொருக்காகத் துரு உரியும், அடியில் கொங்கிறீற்றோடு சேரும் இடத்தில் இடுப்புப்போலச் சுருங்கியிருக்கும். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டிவிட்டு வேர்ணியர் அளவுகோல் வைத்து அளக்கவேண்டும். 12 மில்லிமீற்றர்க் கம்பி 10 ஆகியிருந்தால் கண்ணுக்குச் சிறிய குறைதான். ஆனால் பலம் விட்டத்தில் இல்லை, பரப்பில் இருக்கிறது: 144க்கு 100, அதாவது 30 வீதம் போய்விட்டது. அந்தக் கம்பியோடு புதுக் கம்பியைக் கட்டி மேலே தூண் எழுப்பச் சொல்லும் படம் பிழையான படம். துரு ஏறாத இடம் வரை கொங்கிறீற்றை உடைத்து இறங்கவேண்டும், அல்லது துளையிட்டு இரசாயனப் பசையால் புதுக் கம்பி நாட்டவேண்டும். எதைச் செய்வது என்பதைப் பொறியியலாளர் கையொப்பமிட்டுச் சொல்லவேண்டும். இன்னும் கட்டாதவர்கள், நீட்டிய கம்பிக்குச் சீமெந்துப் பால் பூசி, மெலிந்த கொங்கிறீற்றால் மூடி வைத்தால் பின்னால் உதவும்.

கம்பிக்கு மேல் மூடும் கொங்கிறீற்றும் இங்கே உயிர்நாடி. தூணுக்கு 40 மில்லிமீற்றர், சிலாப்புக்கு 25 என்பது வழமை. கடலுக்கு அருகில் இன்னும் கூட்டுவது நல்லது. பொதுக்குறிப்பில் இந்த எண் எழுதியிருக்கிறதா? கலவைத் தண்ணீரைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா? உவர்க்கிணற்றுத் தண்ணீரில் கலந்த கொங்கிறீற் சில வருடத்தில் சிலாப்பின் அடியைப் பொட்டுப் பொட்டாக உதிர்க்கும். குழாய்த் தண்ணீர் என்று படத்திலேயே எழுதிவிட்டால் மேசனோடு வாக்குவாதம் இல்லை.

பழைய சுவரும் புதுச் சுவரும் சந்திக்கும் இடத்துக்கும் தனி விபரம் கேளுங்கள். புது அத்திவாரம் கொஞ்சம் இறங்கும், பழையது ஏற்கெனவே இறங்கி முடிந்தது. இரண்டையும் பல்லுப்பல்லாகக் கோர்த்துக் கட்டினால் முதல் மாரியிலேயே மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. ஒரு அங்குல இடைவெளி விட்டு, நுரைப்பட்டி வைத்து, இழுபடும் பசையால் மூடி, மேலே தகடு போடவேண்டும். மணலில் பழைய அத்திவாரத்தின் ஓரமாக முழு நீளத்துக்கும் ஒரே தடவையில் வாய்க்கால் வெட்டவே கூடாது. அடி மண் சரிந்து பழைய சுவர் தொங்கும். நாலடி வெட்டி, நாலடி விட்டு, வெட்டியதைக் கட்டி முடித்தபிறகே விட்டதை வெட்டவேண்டும். இதைப் படத்தில் குறிப்பாக எழுதித் தரும் அலுவலகத்தைக் கண்டால் மற்றப் பலவற்றையும் நம்பலாம்.

படிக்கட்டு ஒரு சின்னச் சோதனை. தட்டுக்குத் தட்டு 10 அடி 6 அங்குலம் என்றால் 126 அங்குலம். 7 அங்குல ஏற்றத்துக்கு 18 படி, 10 அங்குல மிதியில் 14 அடிக்கு மேல் நீளம் வேண்டும். இடம் காணாமல் 14 படியில் முடித்திருந்தால் ஒவ்வொன்றும் 9 அங்குலம். வீட்டில் அம்மம்மா, அப்பப்பா இருந்தால் மேலே ஏறவே மாட்டார்கள்.

சபையும் மற்றத் திணைக்களங்களும்

எந்தச் சபை என்பதே முதல் விஷயம். நகருக்குள் மாநகர சபை. உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் பட்டினமும் சூழலும் பிரதேச சபை. நிலாவெளி என்றால் குச்சவெளிப் பிரதேச சபை. விண்ணப்பத்தோடு உறுதி, நில அளவைப் படம், ஆதன வரிப் பற்றுச்சீட்டு, வீதிக்கோட்டுச் சான்றிதழ், தகைமையுள்ளவர் கையொப்பமிட்ட படத்தின் பிரதிகள் போகும். கையொப்பத்தைப் பொறுத்தவரை, யார் வரைந்தார், யார் கையொப்பமிடுகிறார் என்பதைக் கேட்டறியுங்கள். வளவைக் கண்ணாலும் காணாத ஒருவரின் முத்திரை வாங்கி ஒட்டப்படுவதும் உண்டு. அந்த முத்திரைக்காரர் பின்னால் எந்தச் சந்தேகத்துக்கும் பதில் சொல்ல வரமாட்டார்.

இழுவைக் கோப்புகள் திரும்புவதற்குப் பெரிய காரணம் பழைய வீடே. பழைய அனுமதிப் படத்தின் இலக்கம் வேண்டும். முன்பு அனுமதியின்றிக் கட்டிய குசினியோ கொட்டிலோ இருந்தால் அதையும் படத்தில் காட்டி, அதற்குரிய பின்அனுமதிக் கட்டணத்தைக் கட்டித்தான் மேலே போகலாம். மறைத்து வரைந்தால் களப்பரிசோதனையில் கண்முன்னே நிற்கும். புதியது சிவப்பு, இடிப்பது மஞ்சள் என்று நிறம் பிரித்துக் காட்டுவது வழக்கம். “முதலில் கட்டுங்கோ, பிறகு கவரிங் (பின்அனுமதி) எடுக்கலாம்” என்று ஆலோசனை சொல்லும் சேவையை விட்டு விலகுங்கள். 1978 ஆம் ஆண்டு 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் 28அ பிரிவின் கீழ், அனுமதியற்ற கட்டடத்தை இடிக்க நீதவான் நீதிமன்றத்தில் கட்டளை பெறமுடியும். அப்போது ஆலோசனை சொன்னவர் பக்கத்தில் நிற்கப்போவதில்லை.

திருகோணமலைக்கே உரிய சிக்கல் கடல். 1981 ஆம் ஆண்டு 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் உயர்நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் உள்ளே வரை கரையோர வலயம் என்கிறது. அதற்குள் கட்ட கரையோரப் பாதுகாப்பு மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி தேவை. நம் நகரம் ஒருபக்கம் துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல் என்று நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் நிலம். முற்றத்தில் நின்றால் கடல் தெரியாத வீடும் இந்த 300 மீற்றருக்குள் விழலாம். இதை முதல் நாளே அளந்து சொல்லாத சேவை, சபை கேட்டபிறகு ஓடத் தொடங்கும். அந்தக் கால இழப்பு முழுவதும் உங்கள் தலையில். அதுபோலவே, காணி உறுதிக்காணி இல்லாமல் அரச அனுமதிப்பத்திரம், ஜயபூமி, சுவர்ணபூமி என்று அரசு கொடுத்த வகையாக இருந்தால் பிரதேச செயலகத்தின் பக்கமும் போகவேண்டும். பிரதான வீதியோரம் என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட எல்லைக்கோடும் உண்டு.

சபைக்குக் கட்டும் கட்டணம் தரைப்பரப்பை வைத்து வருவது. அதைச் சேவைக்கட்டணத்தோடு கலந்து ஒரே தொகையாகச் சொல்பவரிடம் பிரித்துக் கேளுங்கள். பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் வரவேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத “ஓட்டச் செலவு” எதற்கும் காசு கொடுக்கவேண்டியதில்லை.

பி.ஓ.கியூ. நம்பலாமா?

முழுச்சேவையில் ஆகப் பலவீனமான தாள் இதுதான். வங்கிக்குக் காட்டப் போதும், கட்டப் போதாது. இடிப்பு, குப்பை ஏற்றல், பழைய கூரையைக் கழற்றி மீண்டும் வேய்தல், சுவர் சந்திப்பு, சேவிஸ் வயர் மாற்றல் போன்ற இழுவைக்கே உரிய வேலைகள் அதில் விடுபட்டுப்போகும். ஒரு வரியை மட்டும் நீங்களே சரிபார்க்கலாம். 20 அடிக்கு 20 அடி, 5 அங்குல சிலாப் என்றால் 1.67 கியூப் கொங்கிறீற் (ஒரு கியூப் 100 கன அடி). 1:1½:3 கலவைக்கு (சீமெந்து, மணல், கல்) ஏறத்தாழ 38 பை சீமெந்து. 10 மில்லிமீற்றர்க் கம்பி இரு பக்கமும் 6 அங்குல இடைவெளியில் போனால், மேற்கம்பியும் பொருத்து நீளமும் சேர்க்காமல் 310 கிலோ அளவில் வரும். தாளில் உள்ள எண் இதற்குப் பக்கத்தில்கூட இல்லையென்றால் மற்ற வரிகளையும் சந்தேகிக்கவேண்டும்.

யாரிடம் போகலாம்?

நிலத்தோடு ஒரு அறையும் குளியலறையும், குழி இடம்மாறவில்லை, கடற்கரை வலயம் இல்லை என்றால் அனுபவமுள்ள படவரைஞர் போதும், காசும் மிச்சம். மேல்மாடி, பழைய தூண், குழி மாற்றம் இவற்றில் ஒன்று வந்தாலும் பொறியியலாளர் அலுவலகம். கணக்குத்தாளைக் கையொப்பத்தோடு தருவாரா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பட்டயக் கட்டடக் கலைஞர் விலை கூடியவர். ஆனால் ஒடுங்கிய காணியில் காற்று, வெளிச்சம், முற்றம் என்று யோசித்து வீட்டையே திருப்பிப் போட அவரால்தான் முடியும். 6, 7 பேர்ச் காணிக்காரர்தான் அவரிடம் போகத் தயங்குகிறார்கள். அவர் ஆக அதிகம் பயன்படுவதும் அவர்களுக்கே.

காலக்கணக்கும் முக்கியம். அத்திவாரமும் குழியும் வரண்ட மாதங்களில் முடியவேண்டும், கூரை திறக்கும் வேலை ஐப்பசிக்கு முன் மூடப்படவேண்டும். அதற்கு, முந்தைய மாரியிலேயே அளவெடுப்பும் விண்ணப்பமும் தொடங்கிவிட வேண்டும். சித்திரையில் படம் கேட்டு வைகாசியில் கட்ட நினைப்பவருக்கு எந்தச் சேவையும் உதவாது.

கடைசியாகக் காசு கொடுக்கும் முறை. “அனுமதி வந்ததும் முழுக்காசும்” என்பதுதான் இங்கே வழக்கம். அதற்கு ஒத்துக்கொண்டால் அன்றோடு அவர் வேலை முடிந்தது. பிறகு மேசன் யன்னலை நகர்த்துவார், படிக்கட்டைத் திருப்புவார். திருத்தப் படம் போடாமல் அது இணக்கச் சான்றிதழில் தடக்கும். அந்தச் சான்றிதழ் இல்லாமல் சட்டப்படி குடியேற முடியாது, வங்கிக் கடனுக்கும் வீடு விற்கும்போதும் அதைத்தான் கேட்பார்கள். ஆகவே அளவெடுப்புக்கு ஒன்று, படத் தொகுதிக்கு ஒன்று, அனுமதிக்கு ஒன்று, இணக்கச் சான்றிதழுக்கு ஒன்று என நான்கு தவணை எழுதிக்கொள்ளுங்கள். அத்திவாரக் கம்பி கட்டியதும் ஒருதரம், சிலாப் கம்பி கட்டியதும் ஒருதரம் கொங்கிறீற் போடமுதல் அவர் நேரில் வந்து பார்க்கவேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும். படத்தின் கணினிக் கோப்பையும் சேர்த்து வாங்கிவையுங்கள். இன்னும் பத்து வருடத்தில் அடுத்த அறை இழுக்கும்போது பழைய வீட்டை யாரும் திரும்ப அளக்கவேண்டி வராது.